தம்பிக்கு ‘கோர்ஸ்’ போடச் சொல்கிறார் ஜிம் கோச். 400 மீற்றர் ஓடுகிற பிள்ளை. என்ன செய்யலாம்?

திருக்கடலூர் அக்கா கேட்கிறார்:

வணக்கம். இங்கே விளையாட்டு தெரிந்தவர்களும் மருந்து தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பிக்குப் பதினெட்டு வயது, உயர்தரம் (ஏ.எல்.) படிக்கிறான். 400 மீற்றர் ஓடுகிறவன். மாகாணப் போட்டியில் இறுதி ஓட்டம் வரை வந்தான், முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. அவனுடைய மிக நல்ல நேரம் 51.4 செக்கன். முன்பு பாடசாலை சேர் ஒருவர் பின்னேரங்களில் மெக்கெய்சர் மைதானத்தில் வைத்துப் பழக்கினார். அவருக்கு இடமாற்றம் வந்த பிறகு பார்க்க ஆள் இல்லை. உடம்பை ஏற்ற வேண்டும் என்று திருகோணமலை டவுனில் ஒரு ஜிம்மில் சேர்ந்தான். மாதக் காசு நான்தான் கட்டுகிறேன்.

போன கிழமை வந்து நாற்பத்தையாயிரம் ரூபா கேட்டான். ஓடுகிற சப்பாத்து வாங்கத்தான் என்று நினைத்தேன். துருவிக் கேட்டபோது சொன்னான்: ஜிம் கோச் எட்டுக் கிழமைக்கு ஒரு ‘கோர்ஸ்’ போடச் சொல்லியிருக்கிறார். ஊசி, கூடவே குளிசை. “விட்டமின் மாதிரித்தான், களைப்புத் தெரியாது, நோவு கெதியா மாறும்” என்றாராம். தம்பியின் போனில் படம் இருந்தது. ஊசிக் குப்பியில் நான்ட்ரோலோன் டெகனோவேட் என்றும் குளிசைப் போத்தலில் ஸ்டானோசோலோல் என்றும் போட்டிருக்கிறது. எந்த டொக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை.

வேண்டாம் என்றேன். “அக்கா, முதல் மூன்று இடத்துக்கு வாறவங்க எல்லாரும் எடுக்கிறாங்க. நான் மட்டும் சோறும் மீனும் சாப்பிட்டு ஓடினா எப்பிடி?” என்று கேட்டுவிட்டு அழுதான். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

அப்பா கடலுக்குப் போகிறவர். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் என் சம்பளம் ஒன்றுதான். ஓட்டத்தால் பல்கலைக்கழகத்துக்கோ முப்படை அணி ஒன்றுக்கோ போய்விடலாம் என்று தம்பி நம்பிக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

இந்த மருந்துகள் உண்மையில் என்ன? எட்டுக் கிழமை எடுத்துவிட்டு நிறுத்தினால் உடம்பு பழையபடி வருமா? எங்கள் பிள்ளைகள் ஓடுகிற போட்டிகளில் சோதனை செய்வார்களா? அவனோடு எப்படிக் கதைப்பது என்று யாராவது சொன்னால் பெரிய உதவி.

உவர்மலை மருந்தாளர்:

தங்கச்சி, படத்தில் இருக்கிற இரண்டும் அனபோலிக் ஸ்டெரொய்ட். ஆண் உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டஸ்டரோனைப் போலச் செய்யப்பட்ட மருந்துகள். நான்ட்ரோலோனை எலும்புத் தேய்வுக்கும், சிறுநீரக நோயாளிகளின் இரத்தச்சோகைக்கும் டொக்டர்மார் எழுதியிருக்கிறார்கள். ஓடித் திரிகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

வெளியிலிருந்து இந்த ஹோர்மோன் வந்ததும், இனிச் சுரக்கத் தேவையில்லை என்று மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதை சுருங்கும், விந்தணு குறையும். மருந்தை விட்ட பிறகு சொந்தச் சுரப்பு திரும்பி வரப் பல மாதம் எடுக்கலாம், சிலருக்கு அதைவிடவும் நீளும். பெடியன்கள் உடைந்துபோவது அந்த இடைக்காலத்தில்தான். ஏறின தசை இறங்கும், நித்திரை கெடும், எதிலும் மனம் செல்லாது. அதற்குப் பயந்தே அடுத்த கோர்ஸ் போடுகிறார்கள். எட்டுக் கிழமை என்று தொடங்கினவர்கள் எட்டுக் கிழமையோடு நிற்காததற்கு இதுதான் பெரிய காரணம்.

மார்பு பெண்பிள்ளைகளுக்குப் போல வளரலாம், மருந்தை விட்டாலும் அது முழுதாகப் போகாமல் சிலருக்குச் சத்திரசிகிச்சை செய்துதான் எடுக்க வேண்டும். நல்ல கொழுப்பு இறங்கிக் கெட்ட கொழுப்பு ஏறும், இருதயத் தசை தடிக்கும். ஸ்டானோசோலோல் போலக் குளிசையாக விழுங்குகிறவை ஈரலைத் தாக்கும். தம்பி இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறான் என்றால், எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளவும் கூடும். அதற்குமேல் உயரம் இல்லை.

இதெல்லாம் குப்பிக்குள் இருப்பது லேபலில் எழுதியதுதான் என்றால். கள்ளமாக வருகிற சரக்கில் அந்த உறுதியும் இல்லை. ஒரே குப்பியிலிருந்து பலருக்கு இழுத்துப் போட்டால் ஹெப்பற்றைட்டிஸும் எச்.ஐ.வி.யும் சேர்ந்து வரலாம். ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டி, மருந்துச்சீட்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் கேட்டு வந்து நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எங்கே போட்டது என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒரு ஊசியாவது ஏற்கனவே போட்டுவிட்டானா என்று முதலில் கேளுங்கள். போட்டிருந்தால் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டொக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். இரத்தம் எடுத்து ஈரலையும் கொழுப்பையும் பார்ப்பார்கள். அவனை ஏச வேண்டாம். ஏசினால் அடுத்த ஊசியை உங்களுக்குத் தெரியாமல் போடுவான்.

அன்புவழிபுரம் 400:

அக்கா, நான் உங்கள் தம்பியின் பக்கம் நின்று கதைக்கிறேன், கோபிக்க வேண்டாம். நானும் அதே தூரம் ஓடினவன்.

கொழும்பில் சுகததாச அரங்கின் செயற்கைப் பாதையில் ஓடி வளர்கிற பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் இடையில் உள்ள தூரம் 400 மீற்றர் இல்லை. அவர்களுக்குப் பிசியோ இருக்கிறார், என்ன சாப்பிடுவது என்று சொல்ல ஆள் இருக்கிறது. நாங்கள் மழை விட்ட பிறகு தண்ணீர் வற்றும் வரை காத்திருந்து ஓடினோம். இந்த நிலையில் இருக்கிற ஒருவனிடம் ‘நேர்மையாக ஓடு’ என்று சொல்வது சுலபம்.

உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் எடுத்தார்கள். 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜோன்சன் 100 மீற்றரை 9.79இல் ஓடியபோது அவர் உடம்பில் இருந்ததும் இதே ஸ்டானோசோலோல்தான். அன்று கூட ஓடியவர்களிலும் பலர் வேறு வேறு காலங்களில் ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கினார்கள். டொக்டர் பார்த்து அளவோடு கொடுக்கட்டும் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டால், கள்ளக் குப்பியாவது ஒழியும் என்று நான் நினைக்கிறேன்.

தம்பியை எடுக்கச் சொல்லவில்லை. ‘எடுக்காதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அவனுக்கு வேறு என்ன தரப்போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

பாலையூற்று பீ.ரி. சேர் (ஓய்வு):

பிள்ளை, அன்புவழிபுரம் தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். திருகோணமலையிலும் மூதூர்ப் பக்கமும் பள்ளிக்கூடங்களில் ஓட்டம் பழக்கிச் சம்பளம் வாங்கினவன் நான். இந்த விசயத்தில் எனக்கு ஆத்திரம் உண்டு. அந்த ஆத்திரம் உங்கள் தம்பிமேல் இல்லை.

உடம்புக்குள் என்ன இருந்தாலும் அதற்கு விளையாட்டு வீரனே பொறுப்பு. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு விதிகள் முழுவதும் இந்த ஒரு கல்லின்மேல்தான் நிற்கின்றன. யார் போட்டார், என்ன சொல்லிப் போட்டார் என்பதைத் தண்டனையைக் குறைக்க வாதாடும்போது சொல்லலாம். அந்தப் போட்டியில் கிடைத்த இடமும் பதக்கமும் எப்படியும் போய்விடும். அனபோலிக் ஸ்டெரொய்ட் என்றால் வழக்கமான தடை 4 வருடம். பதினெட்டில் அகப்பட்டால் இருபத்திரண்டில் திரும்பலாம். பல்கலைக்கழக அனுமதியும் முப்படை அணியும் அந்த நாலு வருடத்துக்குள்தான் வந்து போகும். ஜிம்காரருக்கு அந்த நாலு வருடத்தில் ஒரு நாளும் குறையாது.

பென் ஜோன்சனைப் பற்றிச் சொன்னீர்கள். ஓடி மூன்று நாளில் பதக்கம் போய் கார்ல் லூயிஸ் கைக்கு வந்தது. ஜோன்சனுக்கு மருந்து கொடுத்தது ஜேமி அஸ்டாஃபன் என்ற டொக்டர், கூட நின்றது சார்லி பிரான்சிஸ் என்ற பயிற்றுநர். 1989இல் கனடாவில் நடந்த விசாரணையில் பிரான்சிஸ் எல்லாவற்றையும் சொன்னார். ஆனால் நடுச்சந்தியில் நின்று கேட்டுப் பாருங்கள், ஜோன்சனின் பெயர் தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது அந்த டொக்டரின் பெயர் தெரியுமா? 

‘விட்டமின் மாதிரித்தான்’ என்று சொன்னாராமே, அதைப் படித்ததும் எனக்குக் கிழக்கு ஜேர்மனி ஞாபகம் வந்தது. அங்கே அரசாங்கமே திட்டம் போட்டு, பள்ளிக்கூட வயதுப் பெண்பிள்ளைகளுக்கு நீலநிறக் குளிசை கொடுத்தது. விட்டமின் என்றுதான் சொன்னார்கள். உண்மையில் அது ஓரல் டூரினபோல் என்ற ஸ்டெரொய்ட். பிள்ளைகளின் குரல் தடித்தது, முகத்தில் மயிர் வளர்ந்தது, பலருக்கு வாழ்நாள் முழுக்க நோய். அதை நடத்திய விளையாட்டுத் தலைவர் மன்பிரட் எவால்டையும் டொக்டர் மன்பிரட் ஹொப்னரையும் 2000ஆம் ஆண்டு பேர்லின் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒத்திவைத்த சிறைத்தண்டனை. ஒரு நாளும் உள்ளே போகவில்லை.

எங்கள் நாட்டுக்கு வருவோம். 2010 டெல்லி பொதுநலவாய விளையாட்டு விழாவில் மஞ்சு வன்னியாரச்சி குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். 1938க்குப் பிறகு, 72 வருடம் கழித்து இலங்கைக்கு அந்த விழாவில் குத்துச்சண்டைத் தங்கம். நாடே கொண்டாடியது. பிறகு சிறுநீர் மாதிரியில் நான்ட்ரோலோன். உங்கள் தம்பியின் போனில் இருக்கிற அதே சாமான், பிள்ளை. பதக்கம் வேல்ஸ் வீரருக்குப் போனது.

தமிழ்நாட்டுப் பிள்ளை கோமதி மாரிமுத்துவை உங்கள் தம்பிக்கும் தெரிந்திருக்கும். திருச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில், வறுமைப்பட்ட வீட்டில் பிறந்து, 2019 ஏப்ரலில் டோஹாவில் 800 மீற்றரில் ஆசியத் தங்கம் வாங்கினவர். நான் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் எழும்பி நின்று கைதட்டினேன். அவருக்கும் நான்ட்ரோலோன் என்றே சோதனை அறிக்கை வந்தது, நாலு வருடத் தடை. தடைசெய்த மருந்து எதையும் எடுத்ததில்லை என்று அவர் மறுத்தார். உண்மை எதுவோ, அறிக்கையில் நின்ற பெயர் கோமதி ஒன்றுதான்.

இப்போது எங்கள் கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவின் கதையைப் பாருங்கள். 2015 டிசம்பரில் அவரும் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டார். டோஹா ஆய்வுகூடத்தின் முடிவு. அது பிழை என்று வாதாடி 2016 மே மாதம் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. இடையில் உலக இருபதுக்கு இருபது கிரிக்கெட் போட்டியும் போய்விட்டது. அவரைக் காப்பாற்றியது உண்மை மட்டும் இல்லை. கிரிக்கெட் சபை பின்னால் நின்று, இங்கிலாந்துச் சட்டத்தரணிகளைப் பிடித்து, விஞ்ஞானிகளைக் கொண்டு வாதாடியது. குற்றமே செய்யாத ஒரு தேசிய வீரனுக்கே அவ்வளவு ஆள்பலம் தேவைப்பட்டது. திருக்கடலூரில் இருந்து ஒரு பிள்ளை மாட்டினால் அவனுக்காக யார் கடிதம் எழுதுவது? நாற்பத்தையாயிரம் வாங்கினவரா?

சோதனை வருமா என்று கேட்டீர்கள். 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தோடு இலங்கைக்கு ஸ்லாடா என்கிற ஊக்கமருந்து எதிர்ப்பு நிறுவனம் இருக்கிறது. போட்டி நடக்கும்போதும் வரலாம், பயிற்சிக் காலத்திலும் வரலாம். சிறுநீரை இரண்டு போத்தலில் பிரித்து முத்திரை வைத்து, வெளிநாட்டில் உள்ள அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். முதல் போத்தலில் மருந்து காட்டினால் இரண்டாவதைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை வீரனுக்கு உண்டு. எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்க மாட்டார்கள், உண்மை. ஆனால் மேலே போகப் போகச் சோதனை கூடும். அதாவது, மருந்து வேலை செய்து உங்கள் தம்பி முன்னுக்கு வந்தால்தான் அகப்படுகிற இடத்துக்குப் போவான்.

மருந்து கொடுக்கிற பயிற்றுநர்களுக்கும் விதி உண்டு. வயது குறைந்த பிள்ளைக்குக் கொடுத்தால் ஆயுட்காலத் தடைவரை போகும். ஆனால் அந்தத் தடை சங்கங்களில் பதிந்த பயிற்றுநருக்கு. டவுனில் ஜிம் வைத்திருப்பவர் எந்தச் சங்கத்திலும் இல்லை என்றால், அவரை எதிலிருந்து தடைசெய்வது? இந்த ஓட்டை எனக்கு நெடுங்காலமாக உறுத்துகிறது.

அன்புவழிபுரம் தம்பி, டொக்டர் பார்த்துக் கொடுக்கட்டும், எல்லோருக்கும் திறந்துவிடுங்கள் என்கிறீர்கள். அப்படித் திறந்தால் நல்ல டொக்டர் யாரிடம் இருப்பார்? சுகததாச அரங்கில் ஓடுகிற பிள்ளையிடம்தான். நல்ல மருந்தும், மாதாமாதம் இரத்தப் பரிசோதனையும், பக்கவிளைவுக்கு வைத்தியமும் அவனுக்கு. எங்கள் பிள்ளைக்கு அதே கள்ளக் குப்பிதான். இப்போது பாதையிலும் பிசியோவிலும் பின்னால் நிற்கிறோம். அப்போது ஈரலிலும் பின்னால் நிற்போம்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். சுசந்திகா ஜயசிங்க. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர், 22.28 செக்கன். மூன்றாம் இடம். முதலாம் இடம் வந்த மரியன் ஜோன்ஸ் 2007இல் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார். சுசந்திகாவுக்கு வெள்ளி என்று முடிவானது 2009 டிசம்பரில். 1948இல் டங்கன் வைட் வாங்கிய வெள்ளிக்குப் பிறகு எங்களுக்கு வந்த ஒரே ஒலிம்பிக் பதக்கத்தின் சரியான நிறம் தெரிய ஒன்பது வருடம் ஆனது. மேடையில் இரண்டாம் படியில் நிற்க வேண்டியவர் மூன்றாம் படியில் நின்றார், அந்த நாளை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. ‘எல்லாரும் எடுக்கிறாங்க’ என்று தம்பி சொன்னால், எடுக்காமல் ஓடி நாலாவதாக வந்த பிள்ளையும் அதே பாதையில் இருக்கிறான் என்று சொல்லுங்கள். இன்றைக்கு அந்தப் பிள்ளை உங்கள் தம்பிதான். அதனால் அவனுடைய கோபம் நியாயமானது, அதை மறுக்க வேண்டாம்.

சரி, வேறு என்ன தரப்போகிறீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பிள்ளை, தம்பியிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: 51.4 ஓடினபோது முதல் 200 மீற்றரை எத்தனை செக்கனில் கடந்தான்?

திருக்கடலூர் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. சேர், உங்கள் பதிலை அப்படியே அவனுக்கு வாசிக்கக் கொடுத்தேன். கோமதி அக்காவின் விசயம் அவனுக்குத் தெரியும், ஆனால் அவருடைய அறிக்கையில் வந்ததும் இந்தக் குப்பியில் இருப்பதும் ஒரே மருந்து என்று தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

ஊசி இன்னும் போடவில்லையாம். சத்தியம் பண்ணினான், நம்புகிறேன். குளிசையும் காசு கட்டினால்தான் தருவதாம்.

முதல் 200 மீற்றர் 23.8. கூட்டாளி ஒருவன் எடுத்த வீடியோவில் பார்த்துச் சொன்னான். கடைசி நூறில் கால் கட்டை மாதிரி ஆகிவிடுகிறது, அதற்குத்தான் மருந்து வேண்டும் என்று நினைத்தானாம்.

மருந்தாள அண்ணாவிடம் ஒன்று. போட்டிக்கு ஆறு கிழமைக்கு முதல் நிறுத்தினால் சிறுநீரில் ஒன்றும் வராது என்று கோச் சொல்லியிருக்கிறார். தம்பி மனம் அதில்தான் இன்னும் தொங்குகிறது. அப்புறம், ஜிம்மில் விற்கிற புரோட்டின் பவுடர் மட்டும் எடுக்கலாமா என்றும் கேட்கிறான்.

உவர்மலை மருந்தாளர்:

ஆறு கிழமைக் கதை பொய். நான்ட்ரோலோன் டெகனோவேட் எண்ணெயில் கரைத்த ஊசி. தசைக்குள் தங்கி மெல்ல மெல்ல இரத்தத்துக்கு வரும்படி செய்தது. அதனால் அதன் எச்சம் சிறுநீரில் பல மாதம் நிற்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் கண்டிருக்கிறார்கள். ஆய்வுகூடம் ஒரு மில்லிலீற்றரில் சில நனோகிராம் என்ற மிகச் சிறிய அளவைக்கூடக் கண்டுபிடிக்கும். கோச்சுக்கு இது தெரியாமல் சொன்னாரோ, தெரிந்தே சொன்னாரோ, இரண்டுமே அவரிடம் ஊசி போடாமல் இருக்கக் காரணம்தான்.

பவுடர் என்பது பால் புரதம்தான், அதில் தடை இல்லை. ஆனால் யார் அடைத்தது, கூட என்ன கலந்தது என்று தெரியாத டப்பாவில் ஆபத்து உண்டு. 2011இல் இலங்கை ரக்பி வீரர்கள் மூவர் மெத்தில்ஹெக்ஸனமைன் என்ற தூண்டுமருந்தில் மாட்டினார்கள், சப்ளிமென்ட் வழியாக உள்ளே போனது. ஸ்டெரொய்ட் விற்கிற ஒருவரின் கையால் பவுடரும் வாங்க வேண்டாம். கீரி மீன், நெத்தலி, முட்டை, கடலை, பயறு, கிண்ணியா எருமைத் தயிர் இவை போதும், உங்கள் வீட்டில் மீனுக்குப் பஞ்சமும் இல்லை. ஒரு தடவை இரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். களைப்பு என்று சொல்கிற பிள்ளைகள் சிலருக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம்.

போட்டிக்கு முதல்நாள் தெம்புக்கு சேலைன் ஏற்றுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் சிகிச்சையாக இல்லாமல் 12 மணித்தியாலத்தில் 100 மில்லிலீற்றருக்கு மேல் நரம்பில் ஏற்றினால் அதுவும் விதிமீறல். உள்ளே இருப்பது வெறும் உப்புத்தண்ணீராக இருந்தாலும்.

பாலையூற்று பீ.ரி. சேர் (ஓய்வு):

23.8 என்றால் இரண்டாவது 200 மீற்றர் 27.6. வித்தியாசம் 3.8 செக்கன்! பிள்ளை, உங்கள் தம்பிக்குப் பலம் குறைவில்லை. அவன் முதல் பாதியில் எல்லாவற்றையும் செலவழித்துவிடுகிறான். நன்றாக 400 ஓடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இரண்டு செக்கனைச் சுற்றி நிற்கும். கால் கட்டையாவது தசையில் அமிலம் ஏறுவதால். நான்ட்ரோலோன் போட்டாலும் 23.8இல் போனால் கடைசி நூறில் அதே கதைதான்.

முதல் 200 மீற்றரை 24.5இல் போகப் பழகட்டும். இரண்டாவதை 26இல் முடித்தால் 50.5. அந்த 26க்குப் பயிற்சி வேண்டும்: கிழமைக்கு ஒரு நாள் 300 மீற்றர் ஓட்டங்கள், இடையில் நீண்ட ஓய்வு விட்டு. இன்னொரு நாள் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயில் ஏற்றத்தில், விடியற்காலை வாகனம் வருமுன். உப்புவெளி மணலில் மெல்லோட்டம், வெறுங்காலில் வேண்டாம், கண்ணாடித் துண்டு கிடக்கும். பாரம் தூக்குவது நல்லது, அதை விடச் சொல்லவில்லை. வேறு இடத்தில் தூக்கட்டும். இரவு போனை அக்கா வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எட்டு மணித்தியாலம் நித்திரை.

வசதி இல்லாத காலத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பாய்ந்து பழகின நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்தான் 1958 டோக்கியோவில் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். வசதி வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, வசதி கேட்டுக் கத்த வேண்டியது எங்களைப் போன்ற பெரியவர்களின் வேலை. அன்புவழிபுரம் தம்பி, நீங்கள் 400 ஓடினவர் என்றீர்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மெக்கெய்சர் மைதானத்துக்கு வர முடியுமா? எனக்கு முழங்கால் ஒத்துழைக்காது, கூட ஓட ஒரு ஆள் வேண்டும். நேரம் பார்க்க நான் வருவேன்.

அன்புவழிபுரம் 400:

வருகிறேன் சேர். திறந்துவிடுவது பற்றி நீங்கள் சொன்னதை யோசித்தேன், யாரிடம் நல்ல டொக்டர் இருப்பார் என்பது சரிதான். அக்கா, தம்பியின் நம்பரை உள்பெட்டியில் அனுப்புங்கள். என்னிடம் ஒன்பதாம் இலக்க ஸ்பைக் சப்பாத்து ஒன்று சும்மா கிடக்கிறது, அளவு சரியென்றால் எடுத்துக்கொள்ளட்டும்.

கிண்ணியா உம்மா:

இந்தப் பேச்சைப் படித்து எனக்குப் பயம் வந்துவிட்டது. என் மகன் பதினாறு வயது, பாடசாலை அணியில் ஃபுட்போல் விளையாடுகிறான். அவனுக்கு ஆஸ்துமா, பம்ப் அடிக்கிறான். வருத்தம் கூடினால் ஆஸ்பத்திரியில் ஸ்டெரொய்ட் குளிசையும் தருகிறார்கள். அதுவும் இதுதானா? நிறுத்த வேண்டுமா?

உவர்மலை மருந்தாளர்:

ராத்தா, தயவுசெய்து எதையும் நிறுத்த வேண்டாம். ஆஸ்துமாவுக்குத் தருகிற பிரெட்னிசலோன் வேறு வகை, மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கிற மருந்து. தசையை ஏற்றுகிற சாமான் இல்லை.

விளையாட்டு விதியில் இப்படி: நீலநிற சல்பியூட்டமோல் பம்ப் அனுமதி உண்டு, 24 மணித்தியாலத்தில் 1600 மைக்ரோகிராம் வரை, எந்த 8 மணித்தியாலத்திலும் 600ஐத் தாண்டாமல். ஒரு அடி வழக்கமாக 100. நெபுலைஸ் பண்ணினால் அளவு தாண்டக்கூடும். தினமும் இழுக்கிற தடுப்புப் பம்பில் பிரச்சினை இல்லை. பிரெட்னிசலோன் குளிசையோ ஊசியோ போட்டிக் காலத்தில் தடைக்குள் வரும், அதற்குச் சிகிச்சை விலக்கு என்று ஒரு அனுமதி வாங்கலாம். இலங்கைக் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011 உலகக் கிண்ணத்தில் தோள் நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தால் பிரெட்னிசலோன் காட்டி 3 மாதம் தடைபட்டார், ஆகவே நாட்டு மருந்து என்றாலும் கேட்டே கொடுங்கள். இருமல் பாணியும் பார்த்து வாங்க வேண்டும். டெர்பியூட்டலின் என்ற தடைசெய்த மருந்து கலந்த பாணியால் இந்தியக் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு 2019இல் 8 மாதத் தடை.

கிளினிக் அட்டையையும் மருந்துச்சீட்டுகளையும் படம் எடுத்து வையுங்கள். மகன் மாவட்டத்துக்கு மேல் தெரிவானால் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். விலக்கு விண்ணப்பத்துக்கு டொக்டரின் கடிதமும் பரிசோதனை அறிக்கையும் வேண்டும், கிளினிக் நாளில்தான் அவை கிடைக்கும். அதனால் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போதே கேட்டு வையுங்கள்.